கண் நகர்வது யார் சொல்லி?

அறிவியல் கேள்வி – பதில்

கண் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. கண் எப்படி நகர்கிறது, அதை நகர்த்துவது யார் என்பதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். ஒரு விடை அடுத்த விடைக்கு அடிப்படையாக அமைவதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

கேள்வி: கண்ணாடி முன் நின்று என் இடக்கண்ணைப் பார்த்துவிட்டு உடனே வலக்கண்ணைப் பார்க்கிறேன். கண் நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நகர்வு மட்டும் எனக்குத் தெரிவதே இல்லை. பக்கத்தில் நிற்பவருக்கோ தெளிவாகத் தெரிகிறது. ஏன்?

பதில்: நீங்கள் செய்த இதே சோதனையை ஜெர்மனியில் பென்னோ எர்ட்மன், ரேமண்ட் டாட்ஜ் என்ற இருவர் 1898ஆம் ஆண்டிலேயே பதிவுசெய்திருக்கிறார்கள். எளிமையான சோதனைதான் என்றாலும், கண்ணசைவு பற்றிய முக்கியமான உண்மை ஒன்று இதில் அடங்கியிருக்கிறது.

விழித்திரை முழுவதும் ஒரே கூர்மையுடன் பார்ப்பதில்லை. அதன் நடுவிலுள்ள மையக்குழி என்னும் சிறு பகுதிதான் எழுத்தைப் படிக்கும் அளவுக்குக் கூர்மையானது. கையை முழுதாக நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் நாம் ஒரு நேரத்தில் தெளிவாகப் பார்க்கிறோம். எனவே அந்தச் சிறு பகுதியை ஒன்றன்பின் ஒன்றாகப் பல இடங்களுக்குக் கொண்டுசெல்ல, விழித்திருக்கும் நேரமெல்லாம் கண் வினாடிக்கு ஏறத்தாழ 3 முறை தாவிக்கொண்டே இருக்கிறது. மருத்துவர்கள் சக்காடு என்று குறிப்பிடும் இந்தத் தாவல், பெரிய அளவில் நிகழும்போது வினாடிக்கு 500 பாகையைத் தாண்டும் வேகத்தை எட்டிவிடுகிறது.

அந்த வேகத்தில் விழித்திரையின் மீது ஓடும் பிம்பம் வெறும் தீற்றலாகத்தான் இருக்க முடியும். தாவல் நிகழும் நேரத்தில் மூளை தன் பார்வை உணர்திறனைக் குறைத்துக்கொள்கிறது. தாவலுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் தெளிவான காட்சிகளும் இடையில் வந்த தீற்றலை மூடி மறைத்துவிடுகின்றன. ஆகவே கண்ணாடியில் நீங்கள் பார்ப்பதெல்லாம் நின்றுவிட்ட கண்ணை மட்டுமே. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் இதே சோதனையைச் செய்து பாருங்கள். திரையில் படம் சற்றுப் பிந்தி வருவதால், உங்கள் கண் நின்ற பிறகு அதன் நகர்வு திரைக்கு வந்து சேர்கிறது. அப்போது உங்கள் கண் தாவுவதை நீங்களே பார்க்கலாம்.

கேள்வி: 'இப்போது அங்கே பார்' என்ற உத்தரவு மூளையில் எந்த இடத்தில் பிறக்கிறது? அது கண்ணை அடைவது எப்படி?

பதில்: ஒரே ஓர் இடத்தைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் நேர்மையான விடை. கண் சும்மா இருக்கிறது, மூளை உத்தரவிட்டதும் நகர்கிறது என்று நாம் இயல்பாக எண்ணிக்கொள்கிறோம். உண்மை நிலை கிட்டத்தட்ட இதற்கு எதிரானது. தாவுவதற்கான தூண்டுதல்கள் மூளையில் எந்நேரமும் முட்டிமோதிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தடுத்து நிறுத்துவதற்காகத்தான் மூளையின் பல பகுதிகள் ஓயாமல் உழைக்கின்றன. நிரம்பிய ஏரியில் நீரைத் தள்ளிவிட யாரும் தேவையில்லை, மதகைத் திறந்தால் போதும். கண்ணின் தாவலும் அத்தகையதே. இதைப் புரிந்துகொள்ளக் கீழிருந்து மேலே போவோம்.

மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டில், பான்ஸ் என்னும் பகுதியின் நடுக்கோட்டை ஒட்டி, சிறிய நரம்பணுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. கண் ஓரிடத்தில் நிலைத்திருக்கும் வரை இந்த அணுக்கள் சீராகத் துடித்துக்கொண்டே (அதாவது மின்சமிக்ஞை எழுப்பிக்கொண்டே), தாவலை உண்டாக்கும் அணுக்களை அடக்கி வைக்கின்றன. எந்தத் திசையில் தாவுவதாக இருந்தாலும், தாவலுக்குச் சற்று முன் இவை மௌனமாகின்றன. தாவல் முடியும் தறுவாயில் மீண்டும் துடிக்கத் தொடங்குகின்றன. இவை அடங்கிய அந்தக் கணத்தில், இதுவரை அடக்கப்பட்டிருந்த அணுக்கள் வெடித்தாற்போல் துடிக்கின்றன; சில அணுக்களின் வேகம் வினாடிக்கு 1000 துடிப்பை நெருங்குகிறது. இடம் வலமாகத் தாவுவதற்கான அணுக்கள் பான்ஸிலும், மேல் கீழாகத் தாவுவதற்கான அணுக்கள் அதற்கு மேலே நடுமூளையிலும் இருக்கின்றன. இந்த இருப்பிட வேறுபாடு பின்னால் ஒரு கேள்விக்கு விடை சொல்ல உதவும்.

இந்த வெடிப்பு எதற்கு? கண்கோளம் கொழுப்பும் திசுக்களும் சூழ்ந்த குழிக்குள் இருக்கிறது. அவற்றின் பிசுப்பை மீறி அதை வேகமாகச் சுழற்றப் பலமான ஓர் உந்துதல் வேண்டும். ஆனால் உந்துதல் மட்டும் போதாது. சுற்றியுள்ள தசைகளும் திசுக்களும் நெகிழ்தன்மை உடையவை என்பதால், விட்டால் கண்ணை மீண்டும் நடுவுக்கு இழுத்துவிடும். ஆகவே போய்ச் சேர்ந்த இடத்திலேயே கண்ணைப் பிடித்து வைக்க, தொடர்ந்து வரும் நிலையான சமிக்ஞை ஒன்றும் தேவைப்படுகிறது. வேகத்தைக் குறிக்கும் முதல் சமிக்ஞையிலிருந்து, இடத்தைக் குறிக்கும் இரண்டாவது சமிக்ஞையை மூளைத்தண்டின் வேறு சில அணுத்தொகுதிகள் கணக்கிட்டு உருவாக்குகின்றன. கணிதத்தில் தொகையீடு என்று நாம் கற்பது இதைத்தான். எந்தப் பாடமும் படிக்காத நரம்பணுக்கள் இந்தக் கணக்கை ஒவ்வொரு வினாடியும் செய்வதை எண்ணும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. இந்தக் கணக்கில் கசிவு ஏற்பட்டால், ஓரத்தில் நிறுத்திய கண் மெல்ல நடுவுக்கு நழுவும், மீண்டும் ஓரத்துக்குத் தாவும், மறுபடி நழுவும். மது அருந்தியவரின் கண்ணில் காணப்படும் அதிர்வும் இவ்வகையைச் சேர்ந்ததே.

இனி ஒரு படி மேலே போகலாம். நடுமூளையின் பின்புறத்தில் சுப்பீரியர் கொலிகுலஸ் என்ற இரண்டு சிறு மேடுகள் உள்ளன. 1972இல் டேவிட் ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் குரங்கின் இந்த மேடுகளில் நுண்ணிய மின்தூண்டலைச் செலுத்திப் பார்த்தார். தூண்டிய இடம்தான் தாவலின் திசையையும் தூரத்தையும் தீர்மானித்தது. இடப்பக்க மேட்டைத் தூண்டினால் கண் வலப்பக்கம் தாவியது. மேட்டின் முன்பகுதியைத் தூண்டினால் சிறு தாவலும், பின்பகுதியைத் தூண்டினால் பெரிய தாவலும் நிகழ்ந்தன. அதாவது, கண் எங்கெல்லாம் தாவக்கூடுமோ அவ்விடங்களின் வரைபடமே அங்கு விரிந்து கிடக்கிறது. ஆனால் இந்த வரைபடத்தின் மீதும் ஒரு தடை இருக்கிறது. 1983இல் ஒகிஹிடே ஹிகோசகா, ராபர்ட் வுர்ட்ஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வுகளின்படி, சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் பகுதியின் அணுக்கள் இந்த மேடுகளை இடைவிடாமல் அடக்கிக்கொண்டிருக்கின்றன. தாவலுக்கு முன்புதான் அந்த அடக்குமுறை சற்று விலகுகிறது. ஆக, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடைகள். இரண்டும் விலகினால்தான் கண் நகரும்.

தடையை விலக்குவது யார்? நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலில் கண்ணசைவுக்கென்றே ஒரு பகுதி உள்ளது. 1870களில் டேவிட் ஃபெரியர் குரங்கின் முன்மடலை மின்சாரத்தால் தூண்டியபோது, அதன் கண்களும் தலையும் எதிர்ப்பக்கம் திரும்பியதைக் கண்டார். 'இதைத் தேடு', 'அதைப் பார்' என்பன போன்ற நோக்கமுள்ள பார்வைக்கு இந்தப் பகுதி இன்றியமையாதது. திடீரென ஓரத்தில் எதுவோ மின்னினால் கண்ணை ஈர்ப்பதில் உச்சி மடலுக்குப் பெரும் பங்குண்டு. 1996இல் டக் ஹேன்ஸ், ஜெஃப்ரி ஷால் இருவரும் குரங்குகளின் முன்மடலில் கண்டறிந்ததன்படி, அங்குள்ள சில அணுக்களின் துடிப்பு படிப்படியாக ஏறி, குறிப்பிட்ட ஒரு மட்டத்தைத் தொட்டதும் கண் தாவுகிறது. ஏற்றம் விரைவாக இருந்தால் தாவல் சீக்கிரம் நிகழும். மெதுவாக இருந்தால் தாமதமாகும். ஒரு பொருள் தோன்றியதிலிருந்து கண் தாவத் தொடங்குவதற்கு வழக்கமாக 200 மில்லிவினாடி ஆகிறது. நரம்பில் செய்தி பயணம் செய்வதற்கு அதில் ஒரு பகுதி போதும். மிச்சமிருக்கும் நேரம் முடிவெடுப்பதற்கே செலவாகிறது.

இவ்வளவும் இருக்க, தலைமை யாருக்கு என்று கேட்டால், 1980இல் பீட்டர் ஷில்லரின் குழுவினர் செய்த சோதனையைத்தான் நினைவூட்டுவேன். குரங்கில் முன்மடலின் கண்பகுதியை மட்டும் நீக்கினாலும், கொலிகுலஸை மட்டும் நீக்கினாலும், சில குறைகளோடு தாவல் மீண்டுவிடுகிறது. இரண்டையும் நீக்கினால்தான் கண்ணசைவு பெருமளவில் முடங்குகிறது. ஒரு வழி அடைபட்டாலும் இன்னொரு வழி திறந்திருக்கும்படி அமைந்த ஏற்பாடு இது.

கேள்வி: இரண்டு கண்களும் பிசகாமல் ஒன்றாகத் திரும்புகின்றனவே, அது எப்படி?

பதில்: ஒவ்வொரு கண்ணையும் 6 தசைகள் இயக்குகின்றன. 12 இணை மூளை நரம்புகளில் 3, 4, 6ஆம் நரம்புகள் இந்தத் தசைகளுக்கு வருகின்றன. நீங்கள் இடப்பக்கம் பார்க்கும்போது இடக்கண்ணின் வெளிப்புறத் தசையும் வலக்கண்ணின் உட்புறத் தசையும் சேர்ந்து சுருங்க வேண்டும். இதற்கான உத்தரவு இரண்டு கண்களுக்கும் தனித்தனியே போவதில்லை. இடப்பக்க 6ஆம் நரம்பின் மையத்துக்கு உத்தரவு வந்ததும், அங்குள்ள அணுக்களில் ஒரு பகுதி இடக்கண்ணின் தசைக்குச் செய்தி அனுப்புகிறது. மற்றொரு பகுதி, நடுக்கோட்டைக் கடந்து மேலே ஏறும் மெல்லிய நரம்புக் கற்றை வழியாக, வலக்கண்ணின் 3ஆம் நரம்பு மையத்துக்கு அதே செய்தியைக் கொண்டுசெல்கிறது. இந்தக் கற்றை பழுதானால் ஒரு கண் திரும்பும்போது மற்றொன்று பின்தங்கிவிடும், பொருள் இரண்டாகத் தெரியும். இளவயதினரிடம் இதைக் கண்டால் மருத்துவர்கள் நரம்பிழைகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயையும், முதியவர்களிடம் கண்டால் பக்கவாதத்தையும் முதலில் எண்ணிப் பார்ப்பார்கள்.

கேள்வி: விரலை மெதுவாக நகர்த்தினால் கண் வழுக்கிக்கொண்டு பின்தொடர்கிறது. ஆனால் வெறும் சுவரில் அதே போலக் கண்ணை மெதுவாக ஓட்ட முயன்றால் முடியவில்லையே?

பதில்: முடியாதுதான். வெறும் சுவரில் உங்கள் கண் சீராக ஓடுவதாக உங்களுக்குத் தோன்றலாம். எதிரில் இருந்து பார்ப்பவரிடம் கேட்டால், சிறுசிறு தாவல்களாகப் போகிறது என்று சொல்வார். பின்தொடர்தல் என்பது தாவலிலிருந்து வேறுபட்ட ஓர் ஏற்பாடு. விழித்திரையின் மீது பிம்பம் எந்த வேகத்தில் நழுவுகிறது என்பதைப் பெருமூளையின் அசைவறியும் பகுதிகள் அளந்து, சிறுமூளையின் துணையோடு, அந்த வேகத்துக்குக் கண்ணைச் சுழற்றுகின்றன. அளப்பதற்கு அசையும் பொருள் இல்லையென்றால் இந்த ஏற்பாட்டுக்கு வேலை இல்லை. இதற்கு ஒரு விலக்கும் உண்டு. முழு இருட்டில் உங்கள் கையை நீங்களே அசைத்தால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும், கண் ஓரளவு அதைப் பின்தொடரும். கை எங்கே போகிறது என்பது மூளைக்கு முன்பே தெரியும் அல்லவா?

பின்தொடர்தலுக்கு வேக வரம்பு உண்டு. பொருளின் வேகம் கூடக் கூடக் கண் பின்தங்கி, இடையிடையே தாவி ஈடுகட்டுகிறது. இதற்குக் கிரிக்கெட்டைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட் இருவரும் மட்டையாளர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்தார்கள். 'பந்தின் மீதே கண்ணை வை' என்று பயிற்சியாளர்கள் சொல்வது வழக்கம். ஆனால் அந்த மட்டையாளர்கள் பந்து கையை விட்டுக் கிளம்பியதும் சிறிது நேரம் அதைப் பார்த்துவிட்டு, அது தரையில் படப்போகும் இடத்துக்குக் கண்ணை முன்கூட்டியே தாவச்செய்து காத்திருந்தார்கள். ஆட்டத்தில் தேர்ந்தவரின் கண் மற்றவர்களின் கண்ணைவிட விரைந்து அங்கே போய்ச் சேர்ந்தது.

கேள்வி: நடந்துகொண்டே படித்தாலும் எழுத்து ஆடுவதில்லை. ஆனால் காகிதத்தை ஆட்டினால் படிக்க முடிவதில்லை. இரண்டும் ஒன்றுதானே?

பதில்: கண்ணைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. காகிதம் ஆடும்போது அந்த அசைவை விழித்திரை உணர்ந்து, பெருமூளை கணக்கிட்டு, கண் பின்தொடரத் தொடங்குவதற்கே 100 மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடும். அதற்குள் காகிதம் மறுபக்கம் போயிருக்கும். தலை ஆடும்போது அதை முதலில் அறிவது காது. உட்காதில் உள்ள அரைவட்டக் குழல்கள் தலையின் சுழற்சியை உணர்ந்து, 3 நரம்பணுக்களே கொண்ட குறுக்குவழி ஒன்றின் மூலம் கண் தசைகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. தலை வலப்பக்கம் திரும்பத் தொடங்கி ஏறத்தாழ 10 மில்லிவினாடியில் கண் அதே அளவு இடப்பக்கம் திரும்புகிறது. இதில் பார்வைக்குப் பங்கே இல்லை. இருட்டிலும் இது நடக்கும்.

இந்தக் குறுக்குவழியின் அருமை அதை இழந்தவர்களுக்குத்தான் தெரியும். ஜென்டாமைசின் போன்ற சில மருந்துகள் அரிதாக உட்காதின் சமநிலை உறுப்பைப் பாதித்துவிடுகின்றன. அவ்வாறு பாதிக்கப்பட்டவர் நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் உலகமே குலுங்குகிறது. எதிரில் வரும் முகம் யாருடையது என்று அறிய நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. புதிதாகக் கண்ணாடி அணிபவர்களுக்குச் சில நாள்கள் தலைசுற்றுவது போலிருப்பதும் இதனோடு தொடர்புடையதே. வில்லை பிம்பத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ காட்டுவதால், பழைய அளவில் திரும்பும் கண் இப்போது பிசகிவிடுகிறது. சிறுமூளை அந்தப் பிசகை அறிந்து அளவை மாற்றிக்கொள்ளும் வரைதான் இந்தத் தொல்லை.

கேள்வி: கண் இவ்வளவு தாவியும் உலகம் தாவுவதாகத் தெரியவில்லையே?

பதில்: கண்ணுக்கு உத்தரவு அனுப்பும்போதே, அதன் நகல் ஒன்றை மூளை தன் பார்வைப் பகுதிகளுக்கும் அனுப்புகிறது. குரங்கில் அந்த நகல் கொலிகுலஸிலிருந்து, மூளையின் நடுவே செய்திகளைக் கைமாற்றிவிடும் தலாமஸ் வழியாக முன்மடலுக்குப் போகிறது என்பதை மார்க் சாமர், ராபர்ட் வுர்ட்ஸ் இருவரும் 2002இல் காட்டினார்கள். நகல் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்க்கலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணின் வெளி ஓரத்தை இமையின் மேலாக மிக மென்மையாக விரலால் அழுத்துங்கள். உலகம் அசையும். இங்கே கண்ணை நகர்த்தியது விரல். உத்தரவு இல்லாததால் நகலும் இல்லை. பிம்பத்தின் அசைவை உலகத்தின் அசைவாகவே மூளை எடுத்துக்கொள்கிறது.

கேள்வி: அடிக்கடி கீழே விழும் என் அப்பாவை நரம்பு மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் நீண்ட நேரம் கண்களை மேலும் கீழும் நகர்த்தச் சொல்லித்தான் சோதித்தார். விழுவதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் அப்பாவுக்கு என்ன நோய் என்பதை அவரைச் சோதித்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தச் சோதனையின் காரணத்தை மட்டும் விளக்குகிறேன். 1964இல் ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்ஷெவ்ஸ்கி மூவரும் விவரித்த புரோகிரசிவ் சூப்ராநியூக்ளியர் பால்சி என்ற நோயில், நோயாளி தொடக்கத்திலேயே விழத் தொடங்குகிறார்; மேல் கீழான தாவல்கள் மெதுவாகி, பிறகு நின்றும்போகின்றன. மேல் கீழ் தாவலுக்கான அணுக்கள் நடுமூளையில் தனியே இருக்கின்றன என்று முன்பு சொன்னேன். இந்த நோய் முதலில் தாக்குவது அங்கேதான் என்பதால், இடம் வலமான அசைவு ஓரளவு தப்பிவிடுகிறது.

மருத்துவர் இதை உறுதிசெய்யும் விதம் கவனிக்கத்தக்கது. 'கீழே பாருங்கள்' என்றால் நோயாளியின் கண் இறங்குவதில்லை. 'என் மூக்கையே பாருங்கள்' என்று சொல்லிவிட்டு, மருத்துவர் அவருடைய தலையை மெதுவாக மேல்நோக்கிச் சாய்க்கிறார். அப்போது அதே கண் தானாகக் கீழே இறங்குகிறது. தசை, நரம்பு, நரம்பின் மையம், காதிலிருந்து வரும் குறுக்குவழி எல்லாம் நன்றாகவே இருக்கின்றன, மேலிருந்து வரும் உத்தரவுதான் அறுபட்டிருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. பார்க்கின்சன் நோயிலும் தாவல் மாறும். ஆனால் அங்கே அதன் வேகம் பெரும்பாலும் குறையாமல், தூரம் மட்டும் குறுகிவிடுகிறது. ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே ஒரு விரலையும் சில நிமிடப் பொறுமையையும் கொண்டு இவ்வளவையும் அறிய முடிகிறது. ஆகவே அந்த மருத்துவர் உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை.

கேள்வி: முயன்றால் கண்ணை முற்றிலும் அசையாமல் நிறுத்த முடியுமா?

பதில்: முடியாது, முடிந்தால் பார்வையே மங்கிவிடும். ஒரு புள்ளியை உற்றுப் பார்க்கும்போதும் கண் மெல்ல நழுவுகிறது, வினாடிக்கு ஓரிரு முறை மிக நுண்ணிய தாவலும் செய்கிறது. 1950களின் தொடக்கத்தில், கண்ணோடு சேர்ந்தே நகரும்படி பிம்பத்தை விழித்திரையில் நிலைநிறுத்திப் பார்த்தார்கள். சில வினாடிகளில் அந்தப் பிம்பம் மறைந்துபோனது. மாறாத ஒன்றுக்கு விழித்திரை பதிலளிப்பதை நிறுத்திவிடுகிறது.

கேள்வி: 8 வயதான என் மகன் படிக்க உட்கார்ந்தால், சிறு அசைவு தெரிந்தாலும் கண் அங்கே ஓடிவிடுகிறது. வேண்டுமென்றே செய்கிறானா?

பதில்: பெரும்பாலும் இல்லை. 1978இல் ஹாலெட் என்பவர் அறிமுகப்படுத்திய சோதனை ஒன்று இருக்கிறது. திரையில் ஒரு பக்கம் புள்ளி தோன்றினால், அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். கேட்பதற்கு எளிது, ஆனால் நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களே அவ்வப்போது புள்ளியின் பக்கம் தாவிவிடுகிறார்கள். முன்மடலில் பாதிப்பு உள்ளவர்கள் மிகுதியாகத் தவறுகிறார்கள். உங்கள் மகனின் வயதுச் சிறுவர்களும் பெரியவர்களைவிட அதிகம் தவறுகிறார்கள். பதின்பருவம் வரை இந்தத் திறன் படிப்படியாக வளர்கிறது. தாவலைத் தூண்டும் வழிகள் பிறந்த சில மாதங்களிலேயே நன்கு இயங்கத் தொடங்கிவிடுகின்றன. அதை அடக்கும் முன்மடல்தான் மெதுவாக முதிர்கிறது. எனவே அவனைக் கண்டிப்பதால் பெரிய பயன் விளையாது. அவன் படிக்கும் இடத்தில் பார்வையின் ஓரத்தில் தொலைக்காட்சி, கைப்பேசி, ஆட்கள் நடமாட்டம் ஆகியவை இல்லாதபடி இருக்கையைத் திருப்பிப் போட்டால் பயன் இருக்கும்.

ஆனால் இவற்றைக் கவனியுங்கள்: படிக்கும்போது எழுத்து இரண்டாகத் தெரிவதாகச் சொல்கிறானா, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிக்கிறானா, படித்த சிறிது நேரத்தில் தலைவலி என்கிறானா? இவற்றுள் ஒன்று இருந்தாலும், இரண்டு கண்களும் அருகிலுள்ள பொருளை நோக்கி உள்ளே குவிவதில் குறை இருக்கலாம். பார்வைக் கூர்மையை மட்டும் அளக்கும் வழக்கமான சோதனையில் அது தெரியாது. கண்கள் குவியும் திறனையும் சோதிக்கும்படி கண் மருத்துவரிடம் கேளுங்கள்.